இயல் 6: இசைக் காணொளியில் பிற படைப்புகளை எடுத்தாளுதல் – தரங்கம்பாடிக் களத்தை முன்வைத்து

6.1 எடுத்தாளுதலின் இயல்பு

ஒரு படைப்பு தனக்கு முன் வந்த இன்னொரு படைப்பின் சொல்லையோ மெட்டையோ காட்சியையோ கட்டமைப்பையோ தன்னுள் கொண்டுவந்து, அதை அறிந்தவர் இரண்டையும் ஒருசேர நினைத்துப் பொருள்கொள்ளுமாறு அமைவதைத் திறனாய்வாளர் பனுவலிடை உறவு என்பர். 1960களின் பிற்பகுதியில் பாரிசில் எழுதிய ஜூலியா கிறிஸ்தேவா இக்கருத்துக்குப் பெயர் சூட்டினார். தொலைக்காட்சி இசைக் காணொளிகளை ஆராய்ந்து 1992-இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ குட்வின், அவ்வடிவத்தின் அடையாளக் கூறுகளுள் ஒன்றாக இதையும் கணக்கிட்டார். படப்பிடிப்புக் குழுவினர் 'ரெஃபரன்ஸ்' என்னும் சொல்லை இரு பொருளில் ஆள்வதால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒளியமைப்புக்கும் வண்ணத்துக்கும் மாதிரியாக ஒளிப்பதிவாளரிடம் காட்டப்படும் படம், பார்வையாளர் அறியத் தேவையில்லாத உள்வேலைக் கருவி. இவ்வியல் பேசும் குறிப்போ, பார்வையாளர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே திரையில் வைக்கப்படுவது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் வழிநூலார் எடுத்தாளலாம் என்பதற்கு நன்னூலின் பாயிரம் இடம் தருகிறது. தரங்கம்பாடிக்கு வடக்கே அதே கடற்கரையில் அமைந்திருந்த காவிரிப்பூம்பட்டினத்தை மேடையாகக் கொண்ட மணிமேகலை, சிறைசெய் காதையில் திருக்குறளின் 55ஆம் குறளை எடுத்துக்கொண்டு, அதை இயற்றியவரைப் பெயர் சொல்லாமல் பொய்யற்ற புலவர் என்று மட்டும் சுட்டி, சதுக்கப் பூதத்தின் வாயில் வைக்கிறது. அங்கே குறள் வெறும் அணியாக நிற்பதில்லை. மருதி என்னும் பெண்ணின் முறையீட்டுக்குப் பூதம் அளிக்கும் தீர்ப்புக்குச் சான்றாக அது செயற்படுகிறது. அக்குறளை முன்பே அறிந்தவர், தீர்ப்பை ஏற்கும்போதே அதன் கடுமையையும் எடைபோட நேர்கிறது.

இவ்வியலின் அடிப்படை நெறி இவ்வெடுத்துக்காட்டிலேயே அடங்கியிருக்கிறது. எடுத்தாளப்படும் எதுவும் தனியாக வருவதில்லை; தான் பிறந்த சூழலையும், இடைக்காலத்தில் தன்மேல் ஏறிய பொருள்களையும் கூடவே அழைத்து வருகிறது. அவ்வாறு வருவனவற்றுள் எவற்றைப் பாட்டுக்குள் அனுமதிப்பது, எவற்றுக்கு மறுமொழி சொல்வது, எவற்றால் பாட்டு பழுதுபடும் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்வதுதான் இயக்குநரின் பணி.

6.2 ஐந்து வகைகள்

முதலாவது சொல்வழிக் குறிப்பு. 'இருவர்' (1997) படத்துக்காக வைரமுத்து எழுதிய 'நறுமுகையே' பாடல், பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112ஆம் பாட்டின் நிலவுத் தொடரை எடுத்துக்கொள்கிறது. மூலப்பாட்டு தந்தையையும் குன்றையும் இழந்த மகளிரின் கையறுநிலை. திரைப்பாடலோ காதலர் இருவரின் கொஞ்சல். மூலத்தை அறியாதவர் இனிமையான நிலவுக்காட்சியைப் பெறுகிறார். அறிந்தவர் அவ்வினிமைக்கு அடியில் இழப்பின் நிழலையும் கேட்கிறார். நல்ல குறிப்பு இவ்விருவருக்கும் பயன் தரும். அறியாதவரை வெளியே நிறுத்திவைக்கும் குறிப்பு பாதி வேலையையே செய்கிறது.

இரண்டாவது மெட்டுவழிக் குறிப்பு. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரச மாசு பற்றி 2015-இல் சோபியா அஷ்ரஃப் வெளியிட்ட 'கொடைக்கானல் வோன்ட்' காணொளி, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாட்டின் மீது புதிய சொற்களை ஏற்றியது. உலகம் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த கேளிக்கைப் பாட்டு, கேளாத காதுகளைத் திறக்கும் சாவியாயிற்று. ஆலையை நடத்திய யூனிலீவர் நிறுவனத்துக்கும் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் இடையே 2016-இல் உடன்பாடு ஏற்பட்டதற்கு முன்னோடியாக அமைந்த நீண்ட போராட்டத்தில் இக்காணொளிக்கும் ஓர் இடமுண்டு.

மூன்றாவது காட்சிவழிக் குறிப்பு. மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' (1985) காணொளி, மர்லின் மன்றோ 1953-இல் நடித்த படமொன்றின் ஆடல் காட்சியை உடை, மேடை, ஆட்ட அசைவு எல்லாவற்றிலும் பின்பற்றுகிறது. ஆனால் அக்காட்சியைச் சூழ்ந்து வரும் கதையில் அதே பெண் செல்வத்தை விரும்பாதவளாகக் காட்டப்படுவதால், பாட்டு சொல்வதைக் காணொளி மறுக்கிறது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் 'டுநைட், டுநைட்' (1996) காணொளியோ, ஜார்ஜ் மெலியேயின் 1902ஆம் ஆண்டு நிலவுப் பயணப் படத்தின் தோற்றத்தை மறுப்பின்றி மகிழ்ச்சியோடு வரித்துக்கொள்கிறது. முன்னது வினாவாக நிற்கும் குறிப்பு, பின்னது வணக்கமாக நிற்கும் குறிப்பு.

நான்காவது வடிவவழிக் குறிப்பு. ஒரு குறிப்பிட்ட படைப்பைச் சுட்டாமல், ஓர் இலக்கிய வகையின் அல்லது நிகழ்த்துகலையின் சட்டகத்தையே எடுத்துக்கொள்வது இது. இளமையில் தரங்கம்பாடியில் கல்வி பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), குறத்தி குறி சொல்லும் குறவஞ்சிச் சட்டகத்தைக் கிறித்தவப் பொருளுக்கு வளைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடியது இவ்வகைக்கு அருகிலேயே கிடைக்கும் முன்மாதிரி. அண்மைக் காலத்தில், 2017 தொடக்கத்தில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியில், கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய சொற்களை டி.எம்.கிருஷ்ணா இராகமாலிகையாகப் பாடுகிறார்; ரதீந்திரன் பிரசாத்தின் இயக்கம் அக்கச்சேரியைச் சபா மேடையிலிருந்து பெயர்த்து எண்ணூர்க் கழிமுகத்தின் ஆலைகளுக்கு நடுவே நிறுத்துகிறது. எந்த வரியும் கச்சேரி மரபைக் குறைகூறவில்லை என்றாலும், சபாவுக்கும் சாம்பல் வெளிக்கும் உள்ள தொலைவு பார்வையாளரின் மனத்தில் தானாகவே அளக்கப்பட்டுவிடுகிறது.

ஐந்தாவது இடவழிக் குறிப்பு. நெடிய வரலாறுள்ள ஊரில் சுவரும் தெருவும் கடலுமே முன்பு எழுதப்பட்ட பனுவல்களாக நின்று, இயக்குநர் கேட்காமலேயே காட்சிக்குள் நுழைகின்றன. தரங்கம்பாடியில் படம்பிடிப்போர் மிகவும் கவனிக்க வேண்டிய வகை இதுவே.

6.3 ஒரு மூலத்தின் அடுக்குகள்: எந்த நந்தன்?

குறிப்பு எடுக்கப்படும் மூலம் பெரும்பாலும் ஒற்றைப் படைப்பாக இருப்பதில்லை என்பதைக் காவிரிப் படுகையின் நந்தன் கதை தெளிவாகக் காட்டும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார், ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்து, திருப்புன்கூரில் நந்தி விலக இறைவனைக் கண்டு, தில்லையில் தீயினுள் புகுந்து முனிவராக எழுபவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரம் பகுதியில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவர் தோன்றி, நாற்பது வேலி நிலத்தின் விளைச்சலை முடித்த பின்பே சிதம்பரம் போகலாம் என்று தடுக்கிறார். அவ்விளைச்சல் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. 1935ஆம் ஆண்டுப் படத்தில் கே.பி.சுந்தராம்பாளும், ஜெமினியின் 1942ஆம் ஆண்டுப் படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்துப் பாடி, கதையை இசைத்தட்டுகளின் வழியே வீடுவீடாகக் கொண்டுசேர்த்தனர். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமோ, அந்தத் தீயை அருளின் அடையாளமாக ஏற்காமல், ஆதிக்கச் சாதியார் நந்தனைத் தள்ளிவிட்ட சூழ்ச்சியாகப் படித்தது.

ஆகவே, காணொளி ஒன்றில் வயல் வரப்பில் நின்று தொலைவில் உள்ள கோபுரத்தை நோக்கும் இளைஞனைக் காட்டினால், பார்வையாளர் அவனை நந்தன் என்றே படிப்பார். ஆனால் எந்த நந்தன் என்பதை இயக்குநர் தீர்மானிக்காவிட்டால், பக்திப் பாட்டாக எண்ணி எடுத்தது எதிர்ப்புப் பாட்டாகவும், எதிர்ப்புக்காக எடுத்தது பக்திப் பாட்டாகவும் படிக்கப்படலாம். இதைத் தீர்க்கும் வழி, அடுக்குகளுள் ஒன்றுக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளத்தைக் காட்சியில் வைப்பதாகும்: விலகும் நந்தி சேக்கிழாரிடம் கொண்டுசெல்லும், பண்ணையாரின் திண்ணை பாரதியாரிடம் கொண்டுசெல்லும், தள்ளும் கைகள் நாடகத்திடம் கொண்டுசெல்லும்.

தீயைக் காட்டுவதில் மேலும் ஒரு பொறுப்பு உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின், இப்பகுதியில் எரியும் குடிசையை எவ்வகை அழகுக்காகக் காட்டினாலும் அது வெண்மணியாகவே படிக்கப்படும். அந்த நினைவைத் தாங்கும் வலிமை பாட்டின் சொற்களுக்கு இல்லை என்றால் தீயைக் காட்டாமல் விடுவதே முறை.

நுட்பமான இன்னொரு சிக்கல் அறுவடைக் காட்சியில் எழுகிறது. படுகையில் நெல் அறுவடை இன்று பெரும்பாலும் இயந்திரத்தால் நடைபெறுவதால், கையில் அரிவாளுடன் வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்களின் காட்சி நிகழ்கால வயலைக் காட்டவில்லை. பழைய திரைப்படத்தின் வயலைக் காட்டுகிறது. இயக்குநர் அதை இயல்பான பதிவு என்று நினைத்தாலும், உள்ளூர்ப் பார்வையாளர் அது திரைப்படக் குறிப்பு என்பதை ஒரே பார்வையில் அறிந்துவிடுவார். பழைமையைச் சுட்டுவதே நோக்கமானால் அக்காட்சி பொருந்தும். வாழ்வைப் பதிவுசெய்வது நோக்கமானால், தை, மாசியில் சம்பா வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்தையும் அதைச் சூழும் கொக்குகளையும் எடுப்பதே உண்மையாகும்.

6.4 தரங்கம்பாடி தரும் மூலங்கள்

தரங்கம்பாடியின் மூலங்களைக் கால வரிசையில் அடுக்கிக்கொள்வது திட்டமிடலுக்கு உதவும். கடலோரத்து மாசிலாமணி நாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்று குறிப்பிடுகிறது. கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டுபோனதால், கல்லும் அலையும் ஒன்றாகும் சட்டகம் ஒளிப்பதிவாளர்களை எளிதில் ஈர்க்கிறது. ஆயினும் இவ்வூரில் கடல் புகும் காட்சி எதுவும் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையை நினைவூட்டாமல் இராது. கவிழ்ந்த படகு, கரையில் கிடக்கும் செருப்பு போன்றவற்றைக் காதல் தோல்விக்கு உருவகமாக வைப்பது, உறவினரை இழந்த மீனவக் குடும்பங்களின் கண்முன் அவர்களுடைய துயரத்தை வேறொருவர் கணக்கில் எழுதுவதாக முடியும்.

அடுத்த அடுக்கு டென்மார்க்குக்காரர் காலம். 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் தரப்பின் ஓவே கெட்டேவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில் டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. 1845-இல் குடியிருப்பு முழுவதும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டையின் வெளிர் மஞ்சள் சுவர் பல காணொளிகளுக்குப் பெயரற்ற அயல்நாட்டுத் தோற்றத்தைத் தரும் பின்னணியாகவே பயன்படுவதுண்டு. அவ்வாறு பயன்படுத்துவதில் பிழை ஒன்றுமில்லை என்றாலும், வணிக உரிமைக்காக நாயக்க மன்னர் பொன்னோலையில் கடிதம் எழுதி அனுப்பிய வரலாறு கையருகே இருக்கும்போது, கோட்டையை வெறும் நிறமாகக் காட்டுவது கிடைத்த பொருளை வீணாக்குவதாகும். உறுதிமொழி, பண்டமாற்று, முறிந்த ஒப்பந்தம் ஆகியவற்றைப் பேசும் பாட்டுக்கு, பொன்னேட்டில் எழுதப்படும் ஒரு கடிதம் சொல்லில்லாமலேயே பொருள் தரும்.

மூன்றாவது அடுக்கு அச்சு. 1706 ஜூலையில் வந்திறங்கிய சமயப் பரப்பாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி 1708-இல் அவற்றுக்கு அட்டவணை எழுதினார். 1712-13-இல் அச்சுக்கூடம் அமைந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1719-இல் மறைந்த அவர் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். காணொளியின் தலைப்பெழுத்துக்கும் பாடல் வரி எழுத்துக்கும் அக்கால அச்செழுத்தை மாதிரியாகக் கொள்ளலாம். ஆனால் அவ்வெழுத்து சமயப் பரப்பலையும் தமிழ் நூற்றொகுப்பையும் ஒருங்கே நினைவூட்டும் என்பதால், பாட்டின் பொருள் அவற்றுள் எதனோடு உரையாடுகிறது என்று இயக்குநருக்குத் தெளிவிருக்க வேண்டும்.

நான்காவது அடுக்கு சுற்றுவட்டாரத்தின் பாட்டு மரபு. இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயர் பிறந்த தில்லையாடி அருகில் உள்ளது. கம்பனின் காவியத்தைக் கீர்த்தனையாகப் பெயர்த்த அவரது முறையே எடுத்தாளுதலுக்குப் பாடமாகும். முதல் தமிழ்ப் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், கோயிலும் ஆலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வூருக்கு இயல்பாகப் பொருந்துபவை. திருக்கடையூரின் அபிராமி அந்தாதி இன்னொரு வழியைத் திறக்கிறது. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகும் அந்தாதி அமைப்பை எடிட்டிங் முறையாகவே கொண்டு, ஒவ்வொரு சரணத்தின் கடைசி ஷாட்டின் வடிவத்தை அடுத்த சரணத்தின் முதல் ஷாட்டில் தொடரச் செய்தால், நூலின் பெயரைச் சொல்லாமலும் ஒரு வரியை எடுக்காமலும் வடிவவழிக் குறிப்பு முழுமை பெறும்.

6.5 வேலை முறை

முதற்படியாக, பாட்டு என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாக்கியத்தை வலுப்படுத்தாத, மறுக்காத, திருப்பிப்போடாத எந்தக் குறிப்பும், எவ்வளவு புகழ்பெற்ற மூலத்திலிருந்து வந்தாலும், தேவையற்றது.

இரண்டாம் படியாக, ஒவ்வொரு குறிப்புக்கும் நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை எழுத வேண்டும்: மூலம் எது, அது பிறந்த சூழல் என்ன, பின்னர் அதன்மேல் ஏறிய பொருள்கள் எவை, பாட்டில் எந்த நொடியில், எந்தப் பொருளால், எவ்வளவு நேரம் அது தோன்றும். மூன்றாம் கட்டத்தை நிரப்ப நூலகத்தோடு நின்றுவிடாமல் உள்ளூர் ஆசிரியர், ஓதுவார், சபை மூப்பர், மீனவப் பஞ்சாயத்தார் ஆகியோரிடமும் கேட்டறிவது அவசியம். அவ்விடத்தில் அக்காட்சி எவ்வாறு படிக்கப்படும் என்பதை அவர்களே அறிவர்.

மூன்றாம் படியாக, குறிப்புகளின் அடர்த்தியை அளக்க வேண்டும். நான்கு நிமிடக் காணொளியில் ஒரு தலைமைக் குறிப்பும் அதற்குத் துணையாக இரண்டு சிறு குறிப்புகளும் போதும். அதற்கு மேல் சேர்த்தால், கண்டுபிடிப்பதே விளையாட்டாகிப் பாட்டு பின்தங்கிவிடும். தலைமைக் குறிப்பு பல்லவி திரும்பும் இடங்களில் மாறுதலுடன் மீண்டும் வருவதும், சிறு குறிப்புகள் சரணங்களுக்குள் ஒருமுறை மட்டும் தோன்றி மறைவதும் நல்ல பங்கீடாகும்.

நான்காம் படியாக, குறிப்பு எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டும். பொன்னோலை கலை இயக்குநரின் பொறுப்பு. அந்தாதித் தொடர்ச்சி படத்தொகுப்பாளரின் பொறுப்பு என்றாலும், ஷாட்டுகளின் வடிவம் பொருந்த வேண்டுமாதலால் ஸ்டோரிபோர்டிலேயே அது வரையப்பட வேண்டும். கோட்டையும் கோயிலும் கிழக்குக் கடலை நோக்கியவை ஆதலால் சூரிய உதயத்தின் நேரடி ஒளி முகப்புகளுக்குக் காலையில் மட்டுமே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் அதுவும் உறுதியில்லை.

6.6 உரிமையும் அனுமதியும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), நூலுக்கும் பாடலுக்கும் இசைக்கும் படைப்பாளியின் மறைவுக்குப் பின் 60 ஆண்டும், திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டும் காப்பளிக்கிறது. கணக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஓடும். ஒரே மூலத்தில் இக்காலங்கள் வேறுபடலாம் என்பதற்கு நந்தனாரையே எடுத்துக்கொள்ளலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாடல்கள் பொதுச்சொத்து. 1942ஆம் ஆண்டுப் படத்தின் காப்புக் காலம் 2002-ஓடு முடிந்தது. ஆனால் அப்படத்துக்குப் பாடல் எழுதியவர்களுள் ஒருவராகிய பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர் என்பதால் அவருடைய வரிகளுக்கு 2033 இறுதி வரை காப்பு நீடிக்கிறது. ஆகவே படத்துணுக்கைப் பயன்படுத்தலாம் என்பதால் அதன் பாட்டையும் பயன்படுத்தலாம் என்று கருதிவிடக் கூடாது. சுப்பிரமணிய பாரதியாரின் கவிதைகளைப் பயன்படுத்தத் தடையில்லை. எனினும் அவற்றுக்குப் பிறர் அண்மையில் அமைத்த மெட்டு தனி உரிமைக்குட்பட்டது. கவர் பாட்டுக்குச் சட்டம் தரும் உரிமம் ஒலிப்பதிவுக்கு மட்டுமே உரியது. காட்சியோடு இணைக்க உரிமையாளரின் தனி இசைவு வேண்டும். பகடி என்னும் காரணம் காட்டி விலக்குப் பெறலாம் என்று எண்ணுவோர், சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்தைக் குறிப்பிடுகிறதே தவிரப் பகடியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதை அறிந்து வழக்கறிஞரை அணுக வேண்டும்.

இட அனுமதியும் அடுக்கடுக்கானது. டேன்ஸ்பர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாசிலாமணி நாதர் கோயிலுக்கு இந்து சமய அறநிலையத் துறையையும், புதிய எருசலேம் ஆலயத்துக்குத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையையும் நாட வேண்டும். டிரோன் பறக்கவிடுவோர் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அப்பகுதியின் வண்ணப் பிரிவைச் சரிபார்க்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் பாட்டின் பொருளையும் எடுத்தாளப்படும் மூலத்தையும் மறைக்காமல் எழுதுவது பின்னர் எழக்கூடிய தகராறுகளைத் தவிர்க்கும்.

சட்டம் கேட்காவிட்டாலும் அறம் கேட்கும் ஒன்று, பெயர் குறிப்பிடுதல். 2021-இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடல், அறிவு தம் பாட்டியின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்விலிருந்தும் ஒப்பாரி மரபிலிருந்தும் எடுத்துக்கொண்டவற்றால் வலிமை பெற்றது. அதன் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பது 2022-இல் பொதுவெளியில் விவாதமாயிற்று. ஒப்பாரி, தெம்மாங்கு, அம்பாப் பாட்டு போன்றவற்றைப் பாடித் தந்தவர் எவராயினும் அவர் பெயரும் ஊரும் காணொளியின் இறுதியில் இடம்பெற வேண்டும். அவருக்குரிய ஊதியமும் பதிவுக்கு முன்பே எழுத்தில் முடிவாக வேண்டும்.

6.7 சோதனையும் பயிற்சியும்

முதல் படத்தொகுப்பு முடிந்ததும் காணொளியை இரு குழுவினருக்குத் தனித்தனியே காட்ட வேண்டும். மூலத்தை அறியாத குழு, பாட்டின் போக்கைத் தடையின்றிப் பின்தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது குழப்பம் எழுந்தால் அங்கே குறிப்பு பாட்டைத் தாங்காமல் பாட்டின்மேல் ஏறி நிற்கிறது. மூலத்தை அறிந்த குழுவால், தான் அறிந்ததால் பாட்டில் கூடுதலாக என்ன கிடைத்தது என்று சொல்ல முடிகிறதா என்று கேட்க வேண்டும். 'அதே மாதிரி இருக்கிறது' என்பதற்கு மேல் விடை வராவிட்டால் அக்குறிப்பை வெட்டிவிடலாம்.

பயிற்சியாக, தரங்கம்பாடியின் இராஜ வீதியில் ஊர் நுழைவாயிலாகிய நிலவாயிலிலிருந்து கோட்டை முன்னுள்ள திடல் வரை ஒருவர் நடக்கும் ஒரே நிமிடக் காட்சியைத் திட்டமிடுக. ஒரே நடை, ஒரே உடை, ஒரே மெட்டு. ஆனால் முதல் முறை அந்நடை ஊருக்குத் திரும்பும் மீனவனுடையதாகவும், இரண்டாம் முறை சுவடி தேடி வந்த அயலாருடையதாகவும், மூன்றாம் முறை கோயிலை நோக்கிய நந்தனுடையதாகவும் படிக்கப்படுமாறு, ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை மட்டும் மாற்றுக. மூன்று முறைக்கும் அட்டைகள் எழுதி, எந்தப் பொருள் குறைந்த விளக்கத்தில் அதிகப் பொருள் தந்தது என்பதைக் குழுவோடு ஒப்பிட்ட பின்னரே அடுத்த இயலில் வரும் ஸ்டோரிபோர்டுப் பணிக்குச் செல்க.